அரை முட்டையா, முழு முட்டையா: ஊர்சுற்றிக்கு ஒரு பதில்

கரிசல்காட்டான்:
'பிள்ளையை எங்கே சேர்ப்பது' இழையில் ஊர்சுற்றி நேற்று ஒரு முத்து உதிர்த்திருக்கிறார். "கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கு யாரும் படிக்க வரவில்லை, முட்டைக்கு வந்தார்கள்" என்று. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1985 முதல் 1990 வரை விளாத்திகுளம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தவன் நான். அஞ்சு வகுப்பு, ரெண்டு சார், நீளமாக ஒரே ஓட்டுக் கட்டடம், நடுவில் சுவர் கிடையாது. ஒண்ணாம் வகுப்பில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கும்போதே மூணாம் வகுப்பு வாய்ப்பாடு காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாங்கள் மூணாம் வகுப்புக்குப் போனபோது சார் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது பாதிதான். வெள்ளிக்கிழமை மதியம் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் மணி. அதை அடிக்கிற உரிமைக்கு அஞ்சாம் வகுப்பில் அடிதடியே நடக்கும்.

இப்போது முட்டை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது முட்டை கிடையாது. 1989 ஜூனில், கலைஞர் ஆட்சியில்தான் வந்தது. அதுவும் ரெண்டு வாரத்துக்கு ஒன்று. நான் அப்போது அஞ்சாவது. எங்களுக்குக் கிடைத்தது அரை முட்டை. சத்துணவு அமைப்பாளர் அக்கா தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை முட்டையைச் சுற்றிப் போட்டு ஒரு இழு இழுப்பார். மஞ்சள் கரு கொஞ்சம் நூலோடு போய்விடும். அந்த அரை முட்டைக்காகவா நாலு வருஷம் முன்கூட்டியே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம்?

பழைய வாத்தியார்:
தம்பி, மற்றதெல்லாம் சரி. அரை முட்டை என்பது தவறு. 34 ஆண்டு பணி, அதில் 19 ஆண்டு தலைமை ஆசிரியர். ஒரு மாணவருக்கு ஒரு முட்டை, அதுதான் ஆணை. அரை முட்டை என்று தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் கொடுத்ததில்லை.

கரிசல்காட்டான்:
சார், ஆணையை நான் சாப்பிடவில்லை. முட்டையைத்தான் சாப்பிட்டேன். அரை முட்டை.

ஊர்சுற்றி:
பெயரைச் சொல்லி இழை தொடங்கினதற்கு நன்றி அண்ணாச்சி. நான் சொன்னது பொதுவாக. நீங்களே பாருங்கள், நீங்கள் எழுதினதில் படிப்பு எங்கே இருக்கிறது? ஊமத்தை இலை, தண்டவாளம், நூல். வாய்ப்பாடு காதில் விழுந்ததாம். காதில் விழுந்தால் படிப்பா? என் மகன் யூ.கே.ஜி.யிலேயே ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதுகிறான்.

சாக்பீஸ்:
ஏழு மணிக்கு வேனில் ஏறி, ஊரெல்லாம் சுற்றி, தூங்கி விழுந்துகொண்டே போய் எழுதுகிறான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:
வேன் உங்கள் ஊருக்கும் வருகிறது மேடம். அதில் ஏறுவது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்லவா? பாதி பேர் அரசு ஆசிரியர் பிள்ளைகள்.

பழைய வாத்தியார்:
திசை திருப்ப வேண்டாம். அரை முட்டை எந்தப் பள்ளி? எந்த ஒன்றியம்? பெயரைச் சொல்லுங்கள். நூலைப் பல்லில் கடித்தார் என்பதெல்லாம் சிறுகதைக்கு நன்றாக இருக்கும். பதிவேட்டில் நிற்காது. தினமும் வருகை எடுத்து, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எழுதி, அரிசி ஒரு பிள்ளைக்கு 100 கிராம் என்று நிறுத்து, தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுப்பே எரியும். முட்டை எண்ணிக்கை தனிப் பத்தியில் வரும். அதில் 'அரை' என்று எழுத இடமே கிடையாது.

நாமக்கல் கோழி:
எங்கள் ஊரிலிருந்து போன முட்டை எல்லாம் முழுசாகத்தான் லாரி ஏறியது. இடையில் நடந்ததற்குக் கோழி பொறுப்பல்ல.

எட்டயபுரத்தான்:
முதலில் ஒரு வரலாற்றுப் பிழையைத் திருத்த வேண்டும். சத்துணவு 1982-ல் தொடங்கியது என்று எழுதியிருக்கிறார். காமராசர் மதிய உணவைத் தொடங்கி வைத்தது எங்கள் எட்டயபுரத்தில், 1956-ல். விளாத்திகுளத்துக்காரர் பக்கத்து ஊரை மறந்துவிட்டாரே.

ஆயிரம்விளக்கு:
அப்படிப் பார்த்தால் 1920. சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் கொடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று தீர்மானமே இருக்கிறது. எதையெடுத்தாலும் எட்டயபுரத்திலிருந்து தொடங்குவதை நிறுத்தினால் நல்லது.

எட்டயபுரத்தான்:
இழை கிராமத்துப் பள்ளியைப் பற்றியது. மாநகராட்சியை யார் கேட்டது?

கரிசல்காட்டான்:
நான் எழுதியது 'எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது'. காமராசர் கொடுத்தது மதிய உணவு. பெயர் வேறு, திட்டம் வேறு. படித்துவிட்டு வாருங்கள். வாத்தியார் சார், பள்ளிப் பெயர் சொல்ல மாட்டேன். அந்த அக்கா இன்னும் ஊரில் இருக்கிறார். இந்த வயதில் அவரை யாரும் போய் விசாரிக்க வேண்டாம். அரை முட்டை, நூல், பல். மூன்றையும் பார்த்தது நான்.

பழைய வாத்தியார்:
பெயர் சொல்ல மாட்டாராம், ஆனால் குற்றச்சாட்டு மட்டும் சொல்வாராம். அந்தப் பெண்மணி மீதி அரை முட்டையை என்ன செய்தார் என்று மறைமுகமாகச் சொல்ல வருகிறீர்கள். இது ஒட்டுமொத்தச் சத்துணவுப் பணியாளர்களையும் கொச்சைப்படுத்துவது.

கரிசல்காட்டான்:
மீதி அரை முட்டையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை! நீங்கள்தான் எழுதினீர்கள் சார்.

செம்பருத்தி:
ரொம்ப நேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் ஓர் அமைப்பாளரின் மகள். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்குக் கிடைத்த வேலை அது. கரிசல்காட்டான் அண்ணா எழுதியது எங்கள் அம்மாவா என்று தெரியாது, ஊரும் கேட்கவில்லை. ஆனால் நூல் உண்மை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் அறுப்பார்கள். கத்தி போட்டால் கரு நொறுங்கிவிடும்.

அம்மா ஏன் அறுத்தார் என்றால், நாற்று நடவு, மிளகாய் எடுப்பு என்று தாய்மார்கள் காட்டுக்குப் போன நாளில் மூணாவது, நாலாவது படிக்கிற பெண்பிள்ளைகள் தம்பி தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கு வருவார்கள். அதுகள் வருகைப் பதிவேட்டில் இல்லை. அக்கா தட்டில் முட்டை இருக்கும்போது இடுப்புப் பிள்ளை கையை நீட்டும். அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பங்கு போட அம்மா ஆளுக்கு அரையாக அறுப்பார். அப்படியும் மிச்சம் வந்தால் சாயங்காலம் இன்னொரு அரை, எல்லோருக்கும். அதற்குள் முட்டை அட்டையிலேயே உடைந்து வந்தது வேறு இருக்கும்.

கரிசல்காட்டான்:
நன்றி தங்கச்சி. வாத்தியார் சாருக்கு இப்போது அரை முட்டை உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

பழைய வாத்தியார்:
எதுவும் உறுதியாகவில்லை. அம்மா கொடுத்தது முழு முட்டை. மதியம் அரை, சாயங்காலம் அரை, சேர்த்தால் ஒன்று. பிறகு அதை அறுத்தது வேறு விஷயம். தவிர, பதிவேட்டில் இல்லாத குழந்தைக்கு உணவு வழங்குவது விதிமீறல். என் பள்ளியில் அப்படி நடக்க நான் விட்டதில்லை.

சாக்பீஸ்:
சார், இடுப்புப் பிள்ளை கையை நீட்டும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? பதிவேட்டைக் காட்டினீர்களா?

பழைய வாத்தியார்:
நான் கேட்டது பள்ளியின் பெயர்.

நாமக்கல் கோழி:
அரையும் அரையும் ஒன்று என்று ஒப்புக்கொண்டதே இந்த இழையில் நடந்த முதல் கணக்குப் பாடம்.

வடக்குத்தெரு:
எல்லோரும் முட்டை அரையா முழுசா என்கிறீர்கள். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் மதியம் தட்டே எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டு வருவார்கள். சமைத்தவர் எந்தத் தெரு என்பதுதான் காரணம். முட்டை வந்த பிறகு அதில் சில பேர் தட்டோடு உட்கார்ந்தார்கள். வீட்டுக்குத் தெரியாமல், வாயைக் கழுவிக்கொண்டு போவார்கள். யார் படிக்க வந்தார்கள், யார் முட்டைக்கு வந்தார்கள் என்று பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் பேசலாம்.

ஊர்சுற்றி:
பார்த்தீர்களா, முட்டைக்குத்தான் உட்கார்ந்தார்கள். நான் சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார்.

வடக்குத்தெரு:
நான் சொன்னதில் உங்களுக்கு அது மட்டும்தான் கேட்டதா?

எட்டயபுரத்தான்:
சாதியை எல்லாம் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று விதி இருக்கிறது.

வடக்குத்தெரு:
விதியைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லுங்கள் அண்ணாச்சி.

சாக்பீஸ்:
இப்போது பணியில் இருக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்லவா? என் பள்ளியில் 19 பிள்ளைகள், ரெண்டு பேர் ஆசிரியர்கள். அறுபது பிள்ளை வரைக்கும் ரெண்டு பேர்தான் என்பது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. தலைமை ஆசிரியர் வட்டார வள மையத்துக்குக் கூட்டத்துக்குப் போனால் அஞ்சு வகுப்பும் நான்தான். காலையில் போனதும் முதல் வேலை எமிஸில், அதுதான் கல்வித் துறைச் செயலியில், வருகை போடுவது. சிக்னல் இல்லாவிட்டால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடக்க வேண்டும்.

'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு பிள்ளைகளை வகுப்புப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்து உட்காரவைக்கிறோம். மூணாம் வகுப்பு அரும்பு பக்கத்தில் ஒண்ணாம் வகுப்பு மொட்டு. சுவர் இல்லாத அறை, பக்கத்து வகுப்புப் பாடம் காதில் விழுவது, கரிசல்காட்டான் சொன்ன அதே கதைதான். பெயர்தான் புதுசு. இதில் போன வாரம் ஒரு பிள்ளை, ரெண்டாவது, கதைப் பாட்டை வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தது. கடைசி வரி வந்ததும் திரும்ப முதல் வரிக்கே போனது. ஏன் என்றால், "முடிஞ்சுபோச்சு டீச்சர், அதான்" என்றது. இதை எந்தச் செயலியில் ஏற்றுவது?

கரிசல்காட்டான்:
அருமை டீச்சர். அந்தப் பிள்ளைக்கு இப்போது வாரம் அஞ்சு முட்டை. முழுசாக.

பழைய வாத்தியார்:
அப்போதும் முழுசுதான். 1989-ல் இரு வாரத்துக்கு ஒன்று, 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து. எல்லாம் முழு எண். இதில் எங்கே பின்னம் இருக்கிறது?

பாட அட்டைகளை வைத்துப் பிள்ளை தானே படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்தபோதே சொன்னேன், 2007-ல், அட்டையைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுச் சுவரின் கீழ்ப்பாகத்தில் கரும்பலகை வரைந்தால் படிப்பு வந்துவிடாது என்று. அந்த அட்டையில் பாதி ஆடு தின்றது. இப்போது அரும்பாம், மொட்டாம். எங்கள் காலத்தில் மூங்கில் பிரம்பும் வாய்ப்பாடும்தான்.

சாக்பீஸ்:
பிரம்பைப் பெருமையாகச் சொல்கிற கடைசித் தலைமுறை. அந்த அட்டைகளை வைத்துத்தான் என் பள்ளியில் சார் சார் என்று நடுங்காமல் பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு எழுதின.

பழைய வாத்தியார்:
படுத்துக்கொண்டு! அதைத்தான் சொல்கிறேன்.

ஊர்சுற்றி:
வாத்தியார் சார், ஒரே ஒரு கேள்வி. 34 ஆண்டு அரசுப் பள்ளியில் பாடம் நடத்தினீர்கள். உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்?

பழைய வாத்தியார்:
அது இந்த இழைக்குத் தொடர்பில்லாதது.

ஊர்சுற்றி:
எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பழைய வாத்தியார்:
என்ன கிடைத்தது? கோவில்பட்டியில் வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி இருந்ததோ அங்கே சேர்த்தேன். அதற்கும் அரை முட்டைக்கும் என்ன சம்பந்தம்?

கரிசல்காட்டான்:
ஆக, அந்தப் பள்ளியில் பிள்ளைகள் முட்டைக்கு வரவில்லை. சரி.

பழைய வாத்தியார்:
நக்கல் வேண்டாம் தம்பி. உங்களைப் போல எத்தனை பேருக்கு நான் கை பிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மணல் பரப்பி, விரலைப் பிடித்து. அந்த விரல்கள்தான் இன்றைக்கு எனக்கு எதிராகத் தட்டச்சு செய்கின்றன.

நாமக்கல் கோழி:
சார், இது நல்ல வரி. இதையே முதலில் எழுதியிருந்தால் நாங்கள் எல்லோரும் உங்கள் பக்கம்.

செம்பருத்தி:
அம்மாவிடம் இப்போது போனில் கேட்டேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தபோது, எந்த வாரம் முட்டை என்று பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும் என்று சமையலறைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டு வைப்பாராம். வட்டம் இருந்தால் முட்டை. வட்டம் இல்லாத வாரத்தில் நாலாவது படித்த ஒரு பையன் தானே வட்டம் போட்டுவிட்டானாம். அன்றைக்கு எல்லோரும் வந்துவிட்டார்களாம், காய்ச்சலில் கிடந்தவன்கூட.

ஊர்சுற்றி:
மறுபடியும் பாருங்கள். முட்டைக்கு.

கரிசல்காட்டான்:
வட்டம் போடக் கற்றுக்கொண்டது எங்கே என்று யோசியுங்கள் ஊர்சுற்றி.

ஆயிரம்விளக்கு:
1920 பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

எட்டயபுரத்தான்:
சொல்லவும் மாட்டோம்.

பழைய வாத்தியார்:
செம்பருத்தி அவர்களே, உங்கள் அம்மா முழு வட்டம் போட்டாரா, அரை வட்டம் போட்டாரா?

செம்பருத்தி:
சார்!

பழைய வாத்தியார்:
முழு வட்டம்தானே? அதைத்தான் நானும் முதலிலிருந்து சொல்கிறேன். கரிசல்காட்டான் அவர்களே, மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். எந்த ஒன்றியம்?

கரிசல்காட்டான்:
சொல்ல மாட்டேன் சார். கறுப்பு நூல்.