புதுப்பிப்பு: அந்த −3 ஏன் விடை ஆகவில்லை

போன வாரம் |அ − 3| = 2அ கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தேன். மகளுக்கு 1, −3 என இரண்டு விடை வந்தது. புத்தகத்தில் 1 மட்டும்தான். புத்தகம் சொன்னதுதான் சரி.

அவள் போட்ட வழியிலும் பிழை இல்லை. அ − 3 = 2அ என்றால் −3, அ − 3 = −2அ என்றால் 1. ஆனால் −3-ஐத் திரும்பப் போட்டால் இடப்பக்கம் 6, வலப்பக்கம் −6. | | கோடுகள் குறிக்கும் மட்டு மதிப்பு என்பது தூரம், அது மைனஸில் வராது.

மட்டு மதிப்பு தூரம்தான் என்பது அவளுக்குப் பிடிபட்டது கோத்தகிரி பஸ்ஸில். 8-வது கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது, "இந்தக் கல்லிலிருந்து 3 கிலோமீட்டரில் ஒரு டீ ஃபேக்டரி என்றால், அது எந்தக் கல்?" என்றேன். "மேலேயா, கீழேயாப்பா?" என்றாள். அந்தக் கேள்விதான் இரண்டு விடைக்கும் காரணம்: 11 அல்லது 5. பனி படிந்த கண்ணாடியில் விரலால் |அ − 8| = 3 என்று எழுதி, எழுத்து வழிவதற்குள் முடித்துவிட்டாள்.

வலப்பக்கத்திலும் அ இருந்தால் மட்டும் விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். நேற்று |2அ − 3| = அ − 6 கொடுத்தேன். 3, −3 இரண்டுமே தேறவில்லை. "விடை இல்லை" என்று தயங்காமல் எழுதினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்!