தாயுமானவர் பாடலில் வரும் ‘இரதம்’ தேரா, பாதரசமா?

சுங்கை சிப்புட் வாசகன்:
வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் சமய வகுப்பில் இப்போது தாயுமானவரைப் படித்து வருகிறோம். ‘கந்துக மதக்கரியை’ எனத் தொடங்கும் பாடலில், ‘வெந்தழலின் இரதம் வைத்து ஐந்து லோகத்தையும் வேதித்து விற்றுண்ணலாம்’ என்றோர் அடி வருகிறது. தேரைத் தீயில் வைத்து எதை விற்பது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வகுப்பெடுக்கும் பெரியவரோ இங்கே இரதம் என்பது பாதரசம் என்கிறார். அது எப்படிப் பொருந்தும்?

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
பெரியவர் சொன்னதே சரி, ஐயா. வடமொழியில் ‘ரஸ’ என்பதற்குச் சாறு, சுவை, சாரம் எனப் பல பொருள்கள் உண்டு. அக்காலத்தார் அறிந்திருந்த உலோகங்களுள் நீர்போல் ஓடுவது பாதரசம் ஒன்றே ஆகையால், அதற்கும் அதுவே பெயராயிற்று. வடமொழி எழுத்துகள் தமிழில் திரியும் முறையைக் கூறும் நன்னூல், முப்பத்திரண்டாம் மெய்யாகிய ஸகரம் சகரமாகவும் தகரமாகவும் வரும் என்பதை ‘இரண்டு சதவும்’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறது. ‘மாஸ’ என்பது மாசம், மாதம் என இரு வடிவம் கொண்டதுபோல ‘ரஸ’ என்பதும் இரசம், இரதம் என ஆயிற்று. தேரைக் குறிக்கும் இரதம் ‘ரத’ என்னும் வேறு சொல்; தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். ‘லோகம்’ என்பதும் இங்கே உலகமன்று, உலோகம். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் ஆகியவையே அந்த ஐந்து. வேதித்தல் என்றால் ஒன்றை வேறொன்றாக மாற்றுதல்.

நகைப்பட்டறைக்காரர்:
எங்கள் தொழிலில் பழையவர்கள் ரசம் என்றே சொல்வார்கள். பொன்னை ரசத்தில் கரைத்து, அந்தக் களிம்பைச் செப்புத் தகட்டில் பூசி அனலில் காட்டினால், ரசம் ஆவியாகிப் போய்ப் பொன் மட்டும் தகட்டில் படிந்து நிற்கும். சிவந்த தகடு கண்ணெதிரே மஞ்சளாவதைப் பார்த்தவர்கள் செம்பே பொன்னாகிவிட்டது என்று நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை என்பது என் எண்ணம். அந்த ஆவி நஞ்சு. யாரும் செய்து பார்த்துவிட வேண்டாம்.

சுங்கை சிப்புட் வாசகன்:
நன்றி. அப்படியானால் ‘பாத’ என்ற முன்னொட்டு எங்கிருந்து வந்தது? பாதத்தில் ஒட்டாததால் அப்பெயர் என்று இங்கே ஒருவர் சொன்னார்.

தமிழாசிரியர்:
அது கேட்கச் சுவையாக இருக்கிறதே தவிர, கையிலும்தான் அது ஒட்டுவதில்லை! வடமொழியில் பாதரசத்துக்குப் ‘பாரத’ என்றும் ஒரு பெயர் உண்டு. அதனோடு ரசம் சேர்ந்து, இடையில் ஓரெழுத்துக் குறைந்ததாகக் கொள்வதே பொருத்தம். சித்த மருத்துவ நூல்களில் ‘சூதம்’ என்ற பெயரையும் காணலாம்.

இன்னொரு வாசகர்:
பிள்ளைகளுக்கு விளக்க எளிய வழி ஒன்று உண்டு. நம் மலாய்க்கார நண்பர்கள் பாதரசத்தை ‘ஆயர் ராக்சா’ என்கிறார்கள்; அந்த ராக்சாவும் இதே ‘ரஸ’ என்பதன் வழி வந்ததுதான். முகம் சரியாகத் தெரியாத பழைய கண்ணாடியை இன்றும் நாம் ‘ரசம் போன கண்ணாடி’ என்கிறோமே, அதன் பின்புறம் முற்காலத்தில் பூசப்பட்டது வெள்ளீயமும் பாதரசமும் கலந்த கலவை. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளிப்பூச்சு வந்த பிறகும் பெயர் மாறவில்லை.