டி-ரெக் செல்களை மொத்தமாக அழித்தால் புற்றுநோய் அடங்காதா?

மாறன்_77:
2025 மருத்துவ நோபல் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் இந்த டி-ரெக் செல்கள் பற்றிய ஆய்வுக்காகத்தான் போனது. நம் எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்காமல் தடுக்கிற செல்கள். அதே செல்கள்தான் புற்றுநோயையும் காப்பாற்றுகின்றனவாம். சரி, நோய் வந்தவருக்கு அவற்றை அழித்துவிட்டால் என்ன?

லேப்வாசி:
புற்றுநோய் செல் வெளியிலிருந்து வந்தது இல்லையே, நம் செல்தான் கெட்டுப்போயிருக்கிறது, அதனால் "நம்ம ஆளை அடிக்காதே" என்கிற தடை அதற்கும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. அது மட்டுமில்லை, கட்டியே இவற்றைக் கூப்பிட்டும் கொள்கிறது. 2004-ல் சினைப்பைப் புற்றுநோய் நோயாளிகளிடம் செய்த ஆய்வில், கட்டியிலிருந்தும் அங்கிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களிலிருந்தும் சிசிஎல்22 என்ற புரதம் கசிவதையும், டி-ரெக்குகள் தங்கள் மேல் இருக்கும் சிசிஆர்4 என்ற ஏற்பி வழியாக அதை மோப்பம் பிடித்து வந்து சேர்வதையும் காட்டினார்கள். கட்டியில் அவை கூடக்கூட நோயாளிகள் உயிரோடிருந்த காலமும் குறைந்தது. வந்து உட்கார்ந்ததும் தாக்கும் டி செல்களுக்கு வேண்டிய ஐஎல்-2 என்ற வளர்ச்சிப் புரதத்தை இவையே உறிஞ்சிவிடும், போதாததற்கு தங்கள் மேல் இருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் மூலம், எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் தாக்கச் சொல்லித் தரும் சிக்னலையும் மழுங்கடிக்கும்.

செவ்வந்தி:
மொத்தமாக அழிப்பது ஆபத்து. ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதாகி டி-ரெக் வேலை செய்யாமல் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற நோய் வரும்: நிற்காத வயிற்றுப்போக்கு, கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய், தோலெல்லாம் எக்ஸிமா. சிடிஎல்ஏ-4-ஐத் தடுக்கும் இபிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் போட்டுக்கொள்பவர்களில் சிலருக்குக் குடல் அழற்சி வருவதும் கிட்டத்தட்ட இதே கதைதான், பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி எங்கே ஓடும் என்று யாருக்குத் தெரியும்.

மாறன்_77:
அப்போ கட்டியில் டி-ரெக் அதிகம் என்றாலே கெட்ட செய்திதானா?

லேப்வாசி:
இல்லை, பெருங்குடல் புற்றுநோயில் கதை மாறுகிறது. டி-ரெக்கின் அடையாளமாக எண்ணப்படும் ஃபாக்ஸ்பி3 புரதம் உள்ள செல்கள் அதிகமிருந்தவர்கள் நன்றாக இருந்ததாகவே பல ஆய்வுகள் சொல்லின. 2016-ல் சகாகுச்சி குழு பார்த்தபோது, சில கட்டிகளில் ஃபாக்ஸ்பி3 கொஞ்சமாக மட்டும் இருக்கும், யாரையும் அடக்காத, அழற்சியைத் தூண்டும் செல்கள் நிறைய கலந்திருந்தன, நன்றாக இருந்தவர்கள் அந்த வகைக் கட்டி உள்ளவர்கள்தான். ஆக எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது, எந்த வகை என்று பார்க்கணும்.

அப்புறம் உங்கள் முதல் கேள்விக்கு: ரத்தத்தில் இருப்பதை விட்டுவிட்டு கட்டிக்குள் இருப்பதை மட்டும் பிடிக்கத்தான் இப்போது முயற்சி நடக்கிறது. கட்டிக்குள் இருக்கும் டி-ரெக்குகளில் சிசிஆர்8 என்ற ஏற்பி அதிகம், அதைக் குறிவைக்கும் ஆன்டிபாடிகள் நோயாளிகளிடம் சோதனையில் இருக்கின்றன.