மெட்டாலிக் நீலம் பானெட்டில் மட்டும் சரியாக வரவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1/24 அளவு நிஸ்ஸான் ஸ்கைலைன் ஆர்34 கார் மாடலுக்கு மெட்டாலிக் நீலம் அடிக்கிறேன். முதலில் சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு), ஏர்பிரஷில் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) மூன்று மெல்லிய கோட் நீல லாக்கர் பெயின்ட், அப்புறம் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு). கதவுகள் அருமையாக வந்தன. பானெட்டில் மட்டும் பெயின்டில் உள்ள வெள்ளித்துகள்கள் திட்டுத்திட்டாகக் கூடி நிற்கின்றன. அங்கே பெயின்ட் ஈரமாக விழுந்து துகள் மிதந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கிளியரும் ஆரஞ்சுத்தோல் மாதிரி மேடுபள்ளமாக இருந்ததால் 2000 கிரிட் (மிக நுண்ணிய) உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பானெட் விளிம்பில் நீலமே தேய்ந்துபோய், நகக்கீறல் அகலத்துக்குச் சாம்பல் தெரிகிறது. மனசே விட்டுப்போச்சு.

பானெட்டுக்கு மட்டும் மறுபடி அடித்தால் நிறம் கதவோடு ஒத்துப்போகுமா, இல்லை முழு பாடியையும் உரித்துவிடலாமா? தேய்க்கும் முன் கிளியர் எத்தனை கோட் வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.