‘வாட்’ என்று தொடங்கினாலே வினாக்குறி இடும் மாணவர்கள்: வழி தேவை

நான்காம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கில வாக்கிய வகைகளைக் கற்பித்து வருகிறேன். ஆனால், மூன்று வாரங்களாகியும் ‘வாட் எ பிக் ட்ரீ இட் இஸ்’ என்னும் உணர்ச்சி வாக்கியத்தின் இறுதியில் வினாக்குறியே இடுகிறார்கள். ‘வாட் இஸ் இட்’ என்ற வினாவில் வினைச்சொல் எழுவாய்க்கு முன்னும், உணர்ச்சி வாக்கியத்தில் பின்னும் வருவதை ஒப்பிட்டு விளக்கினேன். சொல் அட்டைகளை அடுக்கவும் செய்தேன். உரக்கப் படிக்கும்போது குரலாலேயே சரியாக வேறுபடுத்துபவர்கள், எழுதும்போது முதல் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள். ‘எவ்வளவு பெரிய மரம்’ என்பதும் வினாச்சொல்லில்தான் தொடங்குகிறது என்று காட்டியது சற்றே உதவியது. எனினும், தமிழில் வினாவுக்காகச் சொல்வரிசையை மாற்றத் தேவையில்லை என்பதால், ஆங்கிலத்தின் வரிசை மாற்றம் அவர்கள் கண்ணில் படுவதில்லை என்று கருதுகிறேன். எழுதும்போதும் எழுவாயின் இடத்தைக் கவனிக்க வைக்கும் பயிற்சி எது?