பயோஃபிலிமுக்கு ‘நுண்ணுயிர்ப்பற்று’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் ஒரு பரப்பில் கூட்டமாக ஒட்டி, தாமே சுரக்கும் கூழுக்குள் வாழும் அடுக்குதான் பயோஃபிலிம். அதற்கு உயிர்ப்படலம், உயிரிப்படலம், நுண்ணுயிர்ப்படலம் என்று மூன்று சொற்கள் பேச்சில் இருக்கின்றன. மூன்றிலும் எனக்கு இடிப்பது ‘படலம்’தான். படலம் என்றதும் பாலின் மேல் ஆடை போல மெலிதாக ஒன்று நினைவுக்கு வருகிறது. துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும் என்று தோன்றுகிறது. ஆனால் பயோஃபிலிம் அப்படிப் போகாது.

போன மாதம் திருமங்கலம் சாலையில் கோழிக்கறி வெட்டிப் பொதியும் ஒரு கூடத்தில் துப்புரவுப் பயிற்சி கொடுத்தேன். உயிர்ப்படலம் என்று பலகையில் எழுதிக் கால் மணி நேரம் விளக்கினேன். யார் முகத்திலும் எதுவும் படியவில்லை. கடைசியில், கறி நகரும் பெல்ட்டின் அடிப்பக்கத்தை எல்லோரும் விரலால் தொட்டுப் பார்த்தோம். வழுவழுவென்று இருந்தது. அங்கே வேலை செய்யும் ஒரு அக்கா உடனே சொன்னார்: “இது பத்துல்ல சார்? பத்துப் பாத்திரம் மாதிரி ஊற வச்சுத் தேய்ச்சாத்தான் போகும். மேல தண்ணிய ஊத்தி என்ன ஆகப்போகுது?”

நான் கால் மணி நேரம் பேசியது முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பத்து என்பது பற்று. ஒட்டிப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது.

பாக்டீரியா செய்வதும் அதைத்தான். கறிச்சாறும் கொழுப்பும் படிந்த எஃகு மேசையில் முதலில் லேசாக ஒட்டுகிறது. அந்தக் கட்டத்தில் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். விட்டுவிட்டால் தன்னைச் சுற்றிக் கூழ் போன்ற ஒன்றைச் சுரக்கிறது. கூட்டுச் சர்க்கரைகள், புரதம், வெளியே சிந்திய டிஎன்ஏ எல்லாம் சேர்ந்த கூழ் அது. அதற்குள் மேடும் பள்ளமுமாக, இடையிடையே தண்ணீர் ஓடும் வாய்க்கால்களோடு ஒரு குடியிருப்பே உருவாகிறது. அப்புறம் அதிலிருந்து பிய்ந்து, அடுத்து வரும் கறியில் ஏறிக்கொள்கிறது. இதன் மேல் குளோரின் தண்ணீரை ஊற்றினால் குளோரின் மேலடுக்கின் அழுக்கோடும் கூழோடுமே வினைபுரிந்து தீர்ந்துபோகும். அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து அலச வேண்டும், கிருமிநாசினி அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைப் பற்று என்ற சொல் தானாகவே சொல்லிவிடுகிறது.

சொல்லுக்கு இத்தனை மெனக்கெடவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இப்படிப் பற்றிக்கொள்ளும் நோய்க்கிருமிகளில் ஒன்றான லிஸ்டீரியா என்ற பாக்டீரியா குளிர்பெட்டியின் 4 டிகிரியிலும் வளரும். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் பதப்படுத்திய இறைச்சி வழியாக அது பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே கிருமி ஆலைக்குள்ளும் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மேசை துடைப்பவருக்குப் புரியாத சொல்லை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய?

ஆகவே என் பரிந்துரை: நுண்ணுயிர்ப்பற்று. இடம் தெளிவாக இருந்தால் வெறும் பற்று போதும்.

பற்று என்றால் பாசம், கணக்கில் பற்று வரவு, என்று ஒரு ஐயா தயங்கினார். தமிழ்ப்பற்றும் நெற்றியில் போடும் மருந்துப் பற்றும் ஒன்றோடொன்று குழம்பியதில்லையே. முன்னால் வரும் சொல் பார்த்துக்கொள்ளும். ‘பாசி’ என்ற யோசனையும் வந்தது. வழுக்கலுக்குப் பொருத்தம்தான், ஆனால் பச்சையாகத் தெரிந்தால்தான் ஆபத்து என்று ஆள் நினைத்துவிடுவார். எஃகில் பற்று பல சமயம் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு வசதி, இந்தச் சொல் கிளைக்கிறது. லேசாக ஒட்டும் கட்டம் முதற்பற்று. பிறகு இறுகுபற்று. தேய்த்து எடுப்பது பற்றுநீக்கம். பல்லில் தினமும் படிவதும் பயோஃபிலிம்தான், அது பற்பற்று; அதுவே இறுகிக் கல்லானால் ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் பற்காரை. படலத்தை வைத்து இத்தனையும் கட்டிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. பேச்சு வழக்கிலேயே ‘பத்து’ என்று எழுதினால் எண்ணாகிவிடும். அறிவிப்புப் பலகையில் ‘பற்று’ என்றே இருக்கட்டும். நெல்பேட்டையில் எனக்குத் தெரிந்த கறிக்கடை பாயிடம் எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டு, கட்டையைச் சுரண்டும் தகட்டை எடுத்துக் காட்டினார்.

அந்தக் கூழுக்குத்தான் இன்னும் மனம் தீரவில்லை. பற்றுக்கூழ் என்பதா, பற்றுப்பசை என்பதா? ஒட்டும் வேலையைப் பசை சொல்கிறது. நீரை இழுத்து ஊறி நிற்பதைக் கூழ் சொல்கிறது. நான் கூழ் பக்கம். வேதியியல் படித்தவர்கள் சொல்லுங்கள்.