லைவ் லொகேஷன் நத்தத்துலயே நிக்குது, அவசரம்

செட்டிநாட்டுக்காரி (காலை 6:40)
அம்மா பழனிக்குப் பாதயாத்திரை போறாங்க. குடும்பக் குரூப்புல லைவ் லொகேஷன் போட்டிருக்காங்க. ராத்திரியிலிருந்து புள்ளி நத்தத்த விட்டு அசையல. இந்நேரம் கோபால்பட்டி வந்திருக்கணும். கூப்பிட்டா ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கிறாங்க. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

டவர்_தம்பி (6:44)
என்ன போன்? ஆண்ட்ராய்டா? எத்தனை மணி நேரத்துக்கு ஆன் பண்ணாங்க?

வெயிலான் (6:47)
பேட்டரி சேவர்தான், பந்தயம். அது ஆன்ல இருந்தா ஸ்கிரீன் அணைஞ்சதும் சில போன்ல லொகேஷனே நின்னுடும். எங்கப்பா போன்ல இதே கதை.

டவர்_தம்பி (6:50)
அந்த ரோட்டுல டவர் வீக். ஜிபிஎஸ்ஸே கிடைக்காது.

பழையசோறு (6:53)
ஜிபிஎஸ்ஸுக்கும் டவருக்கும் என்னப்பா சம்பந்தம்? வானத்துல 4 சேட்டிலைட் தெரிஞ்சா போதும், இடம் கிடைச்சுடும். அதை மத்தவங்களுக்கு அனுப்பத்தான் நெட் வேணும். இதை இங்க நூறு தடவை எழுதியாச்சு. கேள்வி போடுறதுக்கு முன்னாடி யாரும் தேடிப் பாக்கிறதில்ல.

செட்டிநாட்டுக்காரி (6:55)
ஆண்ட்ராய்டுதான். 11 மணிக்கு ஆன் பண்ணாங்க, 8 மணி நேரம். சார்ஜ் ஃபுல்லா இருந்துச்சு.

கண்காணாதவன் (6:58)
குரூப்புல எத்தனை பேர்? வீடு பூட்டிக் கிடக்குன்னு ஊருக்கே சொல்ற மாதிரி ஆச்சே. 2018-ல ஸ்ட்ராவா மேப் விவகாரம் ஞாபகம் இருக்கா? ஓடுற தடத்தைப் பதிவு பண்ற ஆப்பு அது. ராணுவக்காரங்க ஓடின தடமெல்லாம் சேந்து, ஆப்கானிஸ்தான் பாலைவனத்துல இருந்த முகாம் எல்லாம் கோடு கோடா மின்னுச்சு.

வெயிலான் (7:01)
அண்ணே, அவங்க அம்மாவத் தேடுறாங்க. அது சித்தப்பா பெரியம்மா இருக்கிற குரூப்பு.

கண்காணாதவன் (7:03)
சித்தப்பா போனை யார் யாரு நோண்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? நாம இருக்கிற இடத்தை மத்தவங்களுக்குக் காட்டுற கூகுள் லாட்டிட்யூட் 2009-ல வந்தப்பவும் இதைத்தான் சொன்னேன், சிரிச்சாங்க. 2013-ல அவங்களே மூடிட்டாங்க.

பழையசோறு (7:04)
நீங்க சொன்னதாலயா மூடினாங்க?

மணிமேகலை (7:06)
அக்கா, புள்ளியத் தொட்டுப் பாருங்க. கடைசியா எப்போ அப்டேட் ஆச்சுன்னு காட்டுதா? ரெண்டு மணி நேரம் முன்னாடின்னா நெட் கோளாறு, இல்ல ஆப் தூங்கிடுச்சு. இப்பதான்னு காட்டினா வேற விஷயம்.

செட்டிநாட்டுக்காரி (7:08)
இப்ப நின்னுடுச்சு, 8 மணி நேரம் முடிஞ்சுது. ஆனா 6:55-க்குப் பாத்தப்ப "1 நிமிடம் முன்"னு இருந்துச்சு.

மணிமேகலை (7:10)
அப்ப போன் பொய் சொல்லல. நெட் இருக்கு, லொகேஷன் இருக்கு, ரிங்கும் போகுது. போன்தான் நத்தத்துல இருக்கு. பை எதுல வருது? சாமான் வண்டியிலயா?

டவர்_தம்பி (7:12)
எனக்கென்னவோ டவர்தான்னு படுது.

செட்டிநாட்டுக்காரி (7:31)
கூட நடக்கிற சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். பை வண்டியில, போன் பைக்குள்ள. வண்டி இன்னும் மண்டபத்துலயே நிக்குதாம். அம்மா கோபால்பட்டியில டீ குடிச்சிட்டு இருக்காங்க. நன்றி மணிமேகலை.

பழையசோறு (7:33)
பை வண்டியிலன்னு முதல்லயே எழுதியிருந்தா 6:41-க்கே முடிஞ்சிருக்கும்.

கண்காணாதவன் (7:40)
வண்டியைப் பூட்டியிருக்காங்களா?